பட்டறைக்குள் போன பஸ்

நகரசபையின் ஐந்தாண்டுத் திட்டத்தில் இருந்த பஸ், அதை வாங்குவதற்கு மூன்று வருஷம் முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது. முதல் நாள் அதற்குச் சக்கரம் இல்லை, கூரை இல்லை, டிரைவரும் இல்லை. ஒரு ஹாரனும் இரண்டு வரிசை கம்பிச் சீட்டும் மட்டும் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் மிதந்து வந்து, லேத் பட்டறையின் கிழக்குச் சுவருக்குள் நுழைந்து, கடைசல் இயந்திரத்துக்கும் துளை போடும் இயந்திரத்துக்கும் நடுவே போய், ஷட்டர் வழியாக வெளியேறியது. லேத்காரர் தலையை நிமிர்த்தி, "யாருய்யா அது, வேலை நேரத்துல?" என்று அதட்டினார். பிறகு எழுந்து போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் கூட இல்லை. அதனால் நகரசபையிடம் நஷ்டஈடு கேட்க வழியில்லாமல் போனது. அந்த வருத்தம் அவருக்கு இருந்தது.

அவர் எதையும் நம்புகிற ஆள் இல்லை. தராசை நம்பமாட்டார், வானிலை அறிக்கையை நம்பமாட்டார், சிரித்துக்கொண்டே கதவைத் தட்டுகிறவர்களைச் சுத்தமாக நம்பமாட்டார். பஸ் அவர் பட்டறை வழியாக ஏன் வருகிறது என்பதை விளக்கச் சிரித்துக்கொண்டேதான் வந்தாள் திட்டப் பிரிவில் வேலை பார்க்கும் பெண். எப்போதும் கக்கத்தில் சுருட்டிய வரைபடத்தோடு அலைவதால் ஊரே அவளை மேப் அக்கா என்றுதான் கூப்பிடும். ஆற்றோரத் தெருக்களிலிருந்து மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பஸ் வேண்டும் என்று ஜனங்கள்தான் கூட்டத்தில் கேட்டார்களாம். நகரசபையிடம் பணம் பாதிதான் இருக்கிறதாம். மீதியை ஊரில் உள்ளவர்கள் ஆளுக்கொரு கை கொடுத்தால் முடிந்துவிடுமாம். வளைவில் பஸ் திரும்ப அவருடைய கிழக்குச் சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டவேண்டுமாம். அவ்வளவுதானாம்.

"அவ்வளவுதானா? என் மூக்கையும் கொஞ்சம் உள்ள தள்ளிக்கட்டுமா? பஸ்ஸுக்கு இடிக்குமே" என்றார் லேத்காரர். மேப் அக்கா வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாள்.

போன இடமெல்லாம் வேலை நடந்தது. டயர் கடைக்காரர் சரி என்று சொன்ன மறுநாள் பஸ் சக்கரத்தோடு வந்தது. தையற்கடைப் பெண்கள் சீட்டுக்கு உறை தைத்துத் தருகிறோம் என்றார்கள். விடிந்தால் நீலப் பூப்போட்ட உறை. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மைதானத்தின் ஒரு மூலையை பஸ் நிறுத்தத்துக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து பஸ்ஸுக்கு நிற்கத் தெரிந்தது. வந்தது பொருள் மட்டுமல்ல. யார் ஒத்துக்கொண்டார்களோ அவர்களே மூன்று வருஷம் மூத்துப்போய் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். தையற்கடைக்காரி ஒருத்தி பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தான் நன்றாகப் பருத்திருப்பதைப் பார்த்துவிட்டு, இனி எதற்கு வாயைக் கட்டவேண்டும் என்று நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். மேடையேறி மைக்கைப் பிடித்து, "என் உயிர் இருக்கும்வரை இந்தத் திட்டத்துக்கு" என்று முழங்கிய மரக்கடை முதலாளி தருவதாகச் சொன்ன பலகை மட்டும் ஒரு நாளும் வரவில்லை. பஸ்ஸுக்குத் தரையே இல்லாமல் ஜனங்கள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். ஊர் முழுக்க அவரைப் பார்த்துவிட்டுத் தரையில்லாத பஸ்ஸைப் பார்த்தது. மனுஷன் ஒரு வாரம் தாங்கினார். பிறகு நிஜமாகவே பலகை அறுக்க ஆள் விட்டார். அதிலிருந்து ஊரில் பொய்ச்சத்தியம் செய்வது கொஞ்சம் சிரமமாகிவிட்டது.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. சக்கரம்தான் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு டயர் தரவேண்டும் என்று டயர் கடைக்காரர் சும்மா இருந்துவிட்டார். அவரைப் பார்த்துத் தையல்காரிகளும் இருந்துவிட்டார்கள். மரக்கடைக்காரரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரே வாரத்தில் பஸ் பழையபடி ஒரு ஹாரனாக வந்து நின்றது. அந்த ஹாரனும் சளி பிடித்த மாதிரி இருந்தது. மேப் அக்கா வீடு வீடாக நடந்து எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, யார் எந்த மாதம் எதைத் தரவேண்டும் என்று ஒருவர் முகத்துக்கு எதிரே ஒருவரைச் சொல்ல வைத்தாள். பஸ் தேறியது.

இத்தனையையும் லேத்காரர் தன் சுவருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாலை பஸ் உள்ளே நுழைந்தபோது அவர் கையிலிருந்த உளி நழுவிவிட்டது. பஸ்ஸில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். தோளில் தோல் பை, வாயில் விசில். பக்கத்தில் அவளுடைய தம்பி, அந்த ரொட்டிக்கடைக்காரன், ஏதோ சொல்ல, இவள் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தம்பியோடு லேத்காரருக்குப் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். மாவு பிசையும் இயந்திரத்துக்குச் சுழலும் அச்சு வேண்டும் என்றபோது, சொந்த மாமா லேத் வைத்திருக்க, வெளியூரில் வாங்கி வந்தான். அது முதல் வாரமே உடைந்தது. இவர் தெருவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவுதான் விஷயம். அதன்பிறகு, "உன் தம்பிகிட்டச் சொல்லு", "உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு" என்று இருவருக்கும் நடுவே அந்த அம்மாள்தான் தபால் ஆபீஸ்.

மறுநாள் லேத்காரர் பஸ் வரும் வழியில் நட்டநடுவே நின்றார். பஸ் அவருக்குள் புகுந்து போனது. டீசல் வாசனையும் சூடான ரொட்டி வாசனையும் அடித்தது. ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். டயர்க்காரர், தலைமையாசிரியை, ஆஸ்பத்திரி நர்சுகள், மரக்கடைத் திருட்டுப்பயல் எல்லோரும் இருந்தார்கள். அவர் மட்டும் இல்லை.

"நான் செத்துட்டேனா?" என்று இரவுச் சாப்பாட்டில் மனைவியைக் கேட்டார்.

"நீங்க செத்திருந்தா நான் அப்படிச் சிரிப்பேனா?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சிரிச்சாலும் சிரிப்பேன். சொல்ல முடியாது" என்றாள்.

"நீ எப்போ ஒத்துக்கிட்டே? யாரைக் கேட்டு?"

"கண்டக்டருக்கு ஆள் வேணும்னு மேப் அக்கா கேட்டா. விசில் தருவீங்களான்னு கேட்டேன். தருவேன்னா. சின்ன வயசுலேர்ந்து எனக்கு ஒரு விசில் வேணும். நீங்க என்னைக்காவது கேட்டீங்களா, உனக்கு என்னடி வேணும்னு?"

அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்குப் போட்டார். மூன்று வருஷம் கழித்துத் தினமும் காலையில் இவள் விசிலோடு கிளம்பிவிடுவாள். ஊரே உள்ளே உட்கார்ந்து சிரிக்கும். நாம் மட்டும் இரும்புத்தூளைக் கூட்டிக்கொண்டிருப்போம். இல்லை, அதைவிட மோசமாக, சுவரில் படமாகத் தொங்குவோம். காலையில் முதல் வேலையாக நகரசபைக்குப் போய், "சுவரை எடுத்துக்கோங்க" என்று கத்திவிட்டு வந்தார். மாலையில் சவரம் செய்துகொண்டு காத்திருந்தார். பஸ் வந்தது. பட்டறைக்குள் வரவில்லை, சுவர் உள்ளே தள்ளியிருப்பதுபோல வளைவில் ஒய்யாரமாகத் திரும்பிப் போனது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். அவர் அதிலும் இல்லை.

"சுவரும் போச்சு, ஆளும் இல்லை. இது எந்த ஊர் நியாயம்?" என்று மேப் அக்காவிடம் சண்டைக்குப் போனார்.

"எனக்குத் தெரியாதுங்க ஐயா. நான் யாரையும் ஏத்தவும் இல்லை, இறக்கவும் இல்லை" என்றாள் அவள். பாவம், அவளும் பஸ்ஸில் இல்லை. அந்த நேரத்தில் அவள் வேறொரு கூட்டத்தில் இருப்பாளாம்.

சுவர் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது. மூன்று வருஷமும் ஓடிப்போயின. லேத்காரர் தினமும் மாலை எட்டிப் பார்ப்பதும் திட்டுவதுமாக இருந்தார். கடைசியில் நகரசபை ஏலத்தில் ஒரு நிஜ பஸ்ஸை வாங்கி வந்தது. அதன் பின் அச்சு தேய்ந்து சக்கரம் ஆடியது. புது அச்சு எங்கும் கிடைக்கவில்லை. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. திட்ட பஸ்ஸோ பயத்தில் மங்கலாக வர ஆரம்பித்தது. அவர் மனைவியின் விசில் பாதிதான் கேட்டது. அவளும் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அதை அவரால் பார்க்க முடியவில்லை.

அந்த அச்சை அவரே பட்டறைக்கு வரவழைத்துப் பார்த்தார். தேய்ந்த இடத்தின்மேல் ஓர் இரும்பு வளையம் கடைந்து ஏற்றலாம். வளையத்தின் உள்வாய் அச்சைவிட மயிரிழை சின்னதாக இருக்கவேண்டும். நன்றாகச் சூடாக்கினால் விரிந்து உள்ளே போகும், ஆறினால் உடும்பாகப் பிடித்துக்கொள்ளும். கடைவதற்கு அவர் இருக்கிறார். காஸ் தீயில் காட்டினால் ஒரு பக்கம் சூடேறும், மறுபக்கம் ஏறாது. சுற்றிலும் ஒரே சீராகச் சூடு கொடுக்க ஊரில் ஒரே ஒரு அடுப்புதான் இருந்தது.

வளையத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரொட்டிக்கடை வாசலில் போய் நின்றார். பழக்க தோஷத்தில், "உன் தம்பிகிட்டச் சொல்லு" என்று காற்றைப் பார்த்து ஆரம்பித்தார். மனைவி அங்கே இல்லை.

"என்ன மாமா, ரொட்டியா?" என்றான் மச்சினன்.

"இதை வேகவைக்கணும்."

அவன் துணியைப் பிரித்துப் பார்த்தான். "மேலே வெண்ணெய் தடவணுமா?"

லேத்காரர் கோபப்படத்தான் நினைத்தார். வாய் கேட்கவில்லை. முதலில் ஒரு செருமல் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு நிற்கவே இல்லை. மாவு மூட்டையில் உட்கார்ந்து சிரித்தார். அவனும் சிரித்தான். "அன்னைக்கு அச்சு உடைஞ்சதும் நீங்க இப்படித்தான் சிரிச்சீங்க" என்றான். "இதைவிட நல்லா சிரிச்சேன்டா" என்றார். பன்களை வெளியே எடுத்துவிட்டு வளையத்தை உள்ளே வைத்தார்கள். செக்கச்செவேலென்று வேண்டாம், ரொட்டி கருகும் சூடு போதும் என்றார் இவர். கருகவைப்பது தனக்குக் கைவந்த கலை என்றான் அவன். நீள ரொட்டித் தட்டில் வைத்து இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தெருவில் ஓட, பின்னால் ஊர் ஓடியது. வளையம் அச்சில் சறுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தது.

அன்று மாலை திட்ட பஸ்ஸும் நிஜ பஸ்ஸும் வளைவில் எதிரெதிராக வந்து, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, ஒரே பஸ்ஸாக நின்றன. ஜனங்கள் ஏறித் தங்கள் தங்கள் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். தையற்கடைக்காரிக்கு மட்டும் தனக்குள் நுழையக் கொஞ்சம் தள்ளிவிட வேண்டியிருந்தது. எதிர்பார்த்ததைவிடக் கூடவே சாப்பிட்டிருந்தாள். மேலே உட்காரத் தன் உருவமே இல்லாத லேத்காரர் இடமில்லாமல் படியில் தொங்கினார்.

"உள்ளே வாங்க, இல்லேன்னா இறங்குங்க. டிக்கெட் எங்கே?" என்றாள் மனைவி.

"புருஷன்கிட்டயே டிக்கெட் கேக்குறியா?"

அவள் விசிலை அவர் காதோரம் வைத்து ஊதினாள். பஸ் கிளம்பியது.

இப்போது அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் வந்துவிட்டது. அதில் ஊர் நடுவே தூர்ந்துபோன ஏரியை மறுபடி வெட்டுகிறார்கள். மண்வெட்டி இன்னும் தரையைத் தொடவில்லை. ஆனால் கடைத்தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. யாரையும் நனைக்காத தண்ணீர். தபால் ஆபீஸ் கவுண்டர் வழியாக வாத்துகள் நீந்திப் போகின்றன. குமாஸ்தா முத்திரையைத் தூக்கிப் பிடித்து வழிவிடுகிறார். கடைத்தெரு வந்ததும் கண்டக்டர் அம்மாள் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தி வாத்துகளைக் கடக்கவிடுகிறாள். கரைக்குக் கல் தருவது யார், மதகுக்கு இரும்பு தருவது யார் என்று உள்ளே சண்டை நடக்கிறது. லேத்காரர் அதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை. அந்த நிறுத்தத்தில் இறங்கும்போது மட்டும், ஒரு சொட்டுகூடப் படாது என்று நன்றாகத் தெரிந்தும், குனிந்து கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொள்கிறார்.