சீட்டில் இல்லாத நோன்பு

"மாத்திரைய ஒழுங்கா போடறதில்ல போல," என்றார் டாக்டரம்மா, ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபடி. ஸ்ட்ராட்டிஸுக்குச் சுருக்கென்றது. இதயத்தில் செயற்கை வால்வு வைத்த நாளிலிருந்து, ரத்தம் கட்டாமலிருக்க அந்த மாத்திரையை ஒரு நாளும் அவன் விட்டதில்லை. இப்படியே போனால் வால்வு அடைத்துக்கொள்ளும், இன்றிரவு முதல் கூடுதலாகப் போடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அர்கிரோ மாத்திரை அட்டையை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். அவன் முகம் சுண்டிப்போனது.

"நீயும் என்ன நம்பல."

"எண்ணிக்கை சரியா இருக்கு. நீ பொய் சொல்லல. அப்ப வேற என்னமோ இருக்கு. கொஞ்சம் சும்மா இரு."

மருந்துப் பெட்டிக்குள் மடித்திருந்த சீட்டைப் பிரித்தாள். எறும்பு எறும்பாக எழுத்து. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைப் படித்து முடிக்க அவளுக்கு வியாழக்கிழமை ஆகும் என்று காப்பிக்கடையில் அவன் கேலி செய்யாத நாளில்லை. மேசையில் சாப்பாடு ஆறிப்போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் விரல் ஒரு வரியில் நின்றது.

'கரும்பச்சைக் கீரைகளைத் திடீரென அதிகம் உண்டால் மருந்தின் பலன் குறையலாம்.'

"போன மாசம் ரத்தம் சரியாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"அப்ப கறியும் சீஸும் தின்னோம். ஈஸ்டர் நோன்பு தொடங்கி எத்தன நாளாச்சு?"

"மூணு வாரம்."

"மூணு வாரமா என்ன தின்னே?"

ஸ்ட்ராட்டிஸ் தன் தட்டைப் பார்த்தான். மலைச்சரிவில் அவனே பறித்த காட்டுக்கீரை, வேகவைத்து எலுமிச்சை பிழிந்தது. நேற்றும் அதுதான், முந்தாநாளும் அதுதான், இரண்டு வேளையும்.

"நோன்புன்னு இதுல எங்க போட்டிருக்கு?"

"போடல. கீரைன்னுதான் போட்டிருக்கு. நோன்பு நம்ம வீட்டுல இருக்கு."

உடனே டாக்டருக்குப் போன் செய்தான். மூன்று வாரக் கீரை விஷயத்தைச் சொன்னான்.

"கூடுதல் மாத்திரைய போடாதீங்க, நாளைக்கு வாங்க. கீரையையும் நீங்களா நிறுத்தாதீங்க. நான் கூட்டிக் குடுத்து, ஈஸ்டரன்னிக்கு நீங்க கீரைய விட்டுட்டு ஆட்டுக்கறிக்கு மாறியிருந்தா, சின்ன காயத்துக்கே ரத்தம் நிக்காம போயிருக்கும். தப்பு என் மேலதான், நான் கேட்டிருக்கணும். யாரு கண்டுபிடிச்சது?"

"என் பொண்டாட்டி." அர்கிரோ பக்கம் திரும்பினான். "அவ ரொம்ப மெதுவாப் படிப்பா, டாக்டரம்மா."