கொடியில் இருந்த ஒன்பது துணி

கொட்டகைக்குப் பின்னால் கட்டிய கொடியில் ஒரு துணி கூட இல்லை. காலையில் ஒன்பது தொங்கவிட்டிருந்தாள். ஒன்பதும் எண்ணெய் துடைத்த துணி. இப்போது கிளிப்புகள் மட்டும் வரிசையாகக் கவ்விக்கொண்டு நின்றன.

கீழே பார்த்தாள், சுவரோரம் பார்த்தாள், பழைய அலமாரிக்குப் பின்னால் கூடப் பார்த்தாள். காற்றே இல்லாத நாளில் துணி எங்கே பறக்கும்? யாரோ எடுத்திருக்கிறார்கள்.

அவளை வீட்டில் உப்புத்தாள் என்றுதான் சொல்வார்கள். யாருக்கும் வேண்டாத பழைய மேசை நாற்காலிகளை வாங்கி, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசி, புதுசு போல ஆக்கி விற்கிறவளுக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் புருஷன் அந்தப் பெயரை வைத்தது தொழிலுக்காக அல்ல, வாய்க்காக. எதிரே நிற்கிறவர் ஒரு பேச்சைத் தொடங்கினால் முடிக்க விடமாட்டாள். பாதியிலேயே தேய்த்துத் தள்ளிவிடுவாள். அவன் லாரி எடுத்துக்கொண்டு மாதத்தில் இருபது நாள் வெளியூர் போவதற்கு அதுதான் காரணம் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

அந்தத் துணிகளைப் பற்றி அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். மரத்துக்குப் பூசுகிற ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றைக் குடித்துக் காயும். காயும்போது சூடாகும். துணியை விரித்துப் போட்டால் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டி அமுக்கி வைத்தால் சூடு உள்ளேயே கிடந்து ஏறும். ஏறிக்கொண்டே போய், தீக்குச்சியும் வேண்டாம் பொறியும் வேண்டாம், தானாகப் பற்றிக்கொள்ளும். எட்டு வருடத்துக்கு முன்பு அவள் வேலை பார்த்த பாலிஷ் பட்டறையில் ஒரு குப்பைக் கூடை அப்படித்தான் எரிந்தது. காலையில் துணியைப் போட்டார்கள், நாலு மணி நேரத்தில் பாதிக் கூரை போயிற்று. கண்ணால் பார்த்தவள்.

அதனால்தான் ஒவ்வொரு துணியையும் உதறி விரித்துக் கொடியில் போடுவாள். ஏன் என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. இந்தக் கொட்டகையின் சொந்தக்காரர் சிகரெட் துண்டைக் கண்டாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறவர். துணி தானாகப் பற்றும் என்று அவர் காதில் விழுந்தால் மறுநாளே சாமான்களைத் தெருவில் வைப்பார். எனவே வீட்டாருக்கு அவள் சொல்லியிருந்தது ஒரே சொல்: தொடாதே. உப்புத்தாள் சொன்னால் போதாதா, காரணம் வேறு வேண்டுமா!

போனை எடுத்தாள். நாத்தனாரைத் தவிர கொடிப் பக்கம் இன்று யார் போனார்கள்? புருஷனுடைய தங்கை, வீட்டில் எல்லாருக்கும் சின்னவள். கல்யாணத்தை இன்னும் யோசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மூன்று வருடமாக இவர்களோடு இருக்கிறாள். கை சும்மா இருக்காது. காலி பாட்டிலைக் கண்டால் கயிறு சுற்றி விளக்காக்குவாள், கிழிந்த ஜீன்ஸைக் கண்டால் சுவரில் மாட்டும் பையாக்குவாள். அண்ணி விற்கிற நாற்காலிகளுக்கு மெத்தை தைப்பதும், அண்ணியின் மகள் பாப்பாவைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். மத்தியானம் அண்ணிக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, பாப்பா காய்ச்சலில் படுத்திருக்கிறாள், பக்கத்து வீட்டு அக்காவை உட்கார வைத்துவிட்டு வந்தேன் என்று அவசரமாகப் போனாள். பின்பக்கமாகத்தான் போனாள்.

“ஏய், கொடியில இருந்த துணிய நீயா எடுத்த?”

“ஆமா அண்ணி.” சின்னவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். “கந்தலா சும்மாதானே கிடந்துச்சு, வீணாப் போகுதேன்னு...”

“எங்க வெச்ச?”

“தலகாணிக்குள்ள வெச்சுத் தெச்சுட்டேன். அண்ணி, அது வந்து...”

“அடிப்பாவி! தொடாதேன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்! டீச்சர் நாற்காலிக்குன்னு கொடுத்து அனுப்பினியே, அதுக்குள்ள போய்... உன்னை வந்து வெச்சுக்கறேன்!”

போனை வைத்துவிட்டாள்.

நாற்காலி வாங்கிய டீச்சருக்குப் பிறந்து ஒன்றரை மாதமான பிள்ளை. உட்கார்ந்து பால் கொடுக்க வசதியாகக் கைப்பிடி தாழ்ந்த ஒரு நாற்காலி கேட்டிருந்தாள். அதைத்தான், அவள் சாமான்களை வழக்கமாகக் கொண்டுபோகிற வேன்காரர் மூன்று மணிக்கு ஏற்றிக்கொண்டு போனார். வழியில் வீட்டில் நின்று சின்னவளிடம் மெத்தையையும் வாங்கிக்கொண்டார். நாற்காலி எங்கே இருக்கும்? பிள்ளை தூங்குகிற அறையில், தொட்டிலுக்குப் பக்கத்தில்.

டீச்சரின் போன் அணைந்திருந்தது. மறுபடி அடித்தாள். அணைந்தேதான் இருந்தது.

நல்லவேளை, வேன்காரர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸைப் பிடுங்காத குறையாக அவரை இழுத்து ஏற்றினாள்.

“என்னக்கா, நாற்காலிக் கால் ஒடிஞ்சுபோச்சா? நான் பூ மாதிரி இறக்கி வெச்சேனே.”

“அந்த மெத்தை, கையில எடுக்கும்போது சூடா இருந்துச்சா?”

“என் வண்டியில எதுக்கா சூடில்லாம இருக்கு? இந்த சீட்டுல முட்டை வெச்சா அவிஞ்சிடும்.”

“வாய மூடிட்டு ஓட்டுங்க!”

அவர் ஓட்டினார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். தெரு முழுக்க சைக்கிளும் புத்தகப் பையும். அவள் மணியைக் கணக்குப் போட்டாள். பன்னிரண்டரைக்குத் துணியை எடுத்திருப்பாள். ஒன்றரைக்குள் தைத்திருப்பாள். இப்போது நாலே முக்கால். அந்தக் குப்பைக் கூடைக்கு ஆனது நாலு மணி நேரம்.

போன் அடித்தது. சின்னவள். துண்டித்தாள். மறுபடி அடித்தது, மறுபடி துண்டித்தாள். மன்னிப்புக் கேட்க இதுவா நேரம்? மூன்றாவது முறை அடித்தபோது, “எடுத்துப் பேசுங்களேன்க்கா, பாவம்,” என்றார் வேன்காரர். அவள் பார்த்த பார்வையில் மனுஷன் சாலையைப் பார்த்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

டீச்சர் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட்டுக்கு நிற்கப் பொறுமையில்லை, படியில் ஓடினாள். கதவைத் தட்டவில்லை, குத்தினாள். டீச்சர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

“ஷ்ஷ்! இப்பத்தாங்க தூங்கினான். என்ன விஷயம்?”

உப்புத்தாள் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஜன்னலோரம் நாற்காலி. ஒரு முழம் தள்ளித் தொட்டில். மெத்தையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது.

இடுப்புப் பையிலிருந்து மரப் பிளவுகளில் பட்டி தேய்க்கிற கத்தியை எடுத்து, மெத்தையை நாற்காலியிலிருந்து பிய்த்து, பால்கனிக்கு ஓடி, ஒரே இழுப்பாகக் கிழித்தாள்.

“அய்யய்யோ, என்னங்க பண்றீங்க! நான் இப்ப வரைக்கும் அதுலதானே உக்காந்திருந்தேன்!”

பஞ்சு வந்தது. வெள்ளை வெளேரென்ற புதுப் பஞ்சு. கையை முழங்கை வரை விட்டுத் துழாவினாள். பஞ்சு, பஞ்சு, கடைசி மூலை வரை பஞ்சு. சூடு டீச்சர் உட்கார்ந்திருந்த சூடு. ஒரு நொடி அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பஞ்சு மூக்கில் ஒட்ட, பால்கனித் தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. இதில் இல்லையென்றால் அந்த ஒன்பது துணி எங்கே? ‘அண்ணி, அது வந்து’ என்று அவள் எதையோ சொல்ல வந்தாளே.

போன் நாலாவது முறையாக அடித்தது. இந்த முறை எடுத்தாள்.

“ஏன் அண்ணி கட் பண்ணிக்கிட்டே இருக்கீங்க?” சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். “பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறுது. ஒடம்பு கொதிக்குது. தலகாணியே சுடுது அண்ணி. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகவான்னு கேக்கத்தான்...”

“எந்தத் தலகாணி?”

“அதான், உங்க துணிய வெச்சுத் தெச்சேன்னு சொன்னேனே. விக்கிறதுக்குப் போய் கந்தல வெப்பேனா? இது நமக்கு. அம்மா வாசம் வருதுன்னு பாப்பா விடவே மாட்டேங்கிறா, கட்டிப் புடிச்சுக்கிட்டு...”

“பாப்பாவத் தூக்கு! அந்தத் தலகாணிய வெளிய போட்டுத் தண்ணி ஊத்து! தூக்குடி!”

போன் எங்கோ விழுகிற சத்தம். பாப்பா வீறிட்ட சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

படியில் எப்படி இறங்கினாள் என்று பின்னால் யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. வேனில் உட்கார்ந்து மறுபடி மறுபடி அடித்தாள். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது. வேன்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். பெரிய திருப்பம் தாண்டிய பிறகுதான் மெதுவாகக் கேட்டார்.

“அந்தத் துணியில அப்படி என்னக்கா இருக்கு?”

சொன்னாள். எண்ணெய், காற்று, சூடு, குப்பைக் கூடை எல்லாம் சொன்னாள். எட்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு ஆளிடம் அதை முழுசாகச் சொன்னாள், அதுவும் ஒரு வேன்காரரிடம். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை.

“இத வீட்டுல சொல்லலியாக்கா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று தடவை அடித்தாளே என் பிள்ளைக்காக, மூன்று தடவையும் வெட்டினேனே! என் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் கொள்ளி வைத்தது அந்தப் பெண் இல்லை, நான்தான். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வீட்டு வாசலில் கூட்டம் இல்லை. ஆனால் புகை வாசம் இருந்தது, எரிந்த எண்ணெயின் கசந்த வாசம். அந்த வாசம் அவளுக்குத் தெரியும். சந்து வழியாகப் பின்பக்கம் ஓடினாள்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பெரிய நீல வாளி. அதற்குள் கறுப்பாக என்னவோ மிதந்தது. படியில் பாப்பா உட்கார்ந்திருந்தாள், போர்வை சுற்றி, மூக்கு ஒழுக, முழுசாக. அம்மாவைக் கண்டதும் உதடு பிதுங்கியது.

“அம்மா, அத்தை என் தலகாணிய வாளியில போட்டுட்டா.”

வாரி எடுத்து அணைத்தாள். முகம், கை, முதுகு, தலைமுடி எல்லாம் தடவிப் பார்த்தாள். சாதாரணக் காய்ச்சல் சூடு, அவ்வளவுதான். அப்போதுதான் சின்னவளைப் பார்த்தாள். குழாயடியில், இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் நீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளங்கைகள் சிவந்து தோல் எழும்பியிருந்தன.

“என்னடி இது!”

“பாப்பாவ இடுப்புல வெச்சுக்கிட்டுத் தலகாணியத் தூக்கினேன். ஜன்னல் வழியாப் போடலாம்னா கீழ கேஸ் சிலிண்டரு. சரி வாளிக்கே கொண்டு போவோம்னு வந்தேன். கதவத் தாண்டி காத்துப் பட்டதும் நடுவுல பொத்துக்கிட்டுச் செவப்பாத் தெரிஞ்சுது. கீழ போட்டா உங்க பெயிண்ட் டப்பா எல்லாம் அங்கதான் இருக்கு. அதான் விடல.”

“எதுக்குத் தூக்கச் சொல்றேன்னு கூடக் கேக்கலியா நீ?”

“கேட்டா சொல்லியிருப்பீங்களா? தூக்குன்னீங்க, தூக்கிட்டேன்.”

குத்திக் காட்டுகிற குரலில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதுதான் உப்புத்தாளை அறுத்தது. பாப்பாவை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்து, சின்னவளின் மணிக்கட்டுகளைப் பிடித்துத் தண்ணீருக்கு அடியில் நீட்டினாள். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சந்து முனையிலிருந்து, “வண்டிய ஸ்டார்ட்லயே வெச்சிருக்கேன், மூணு பேரும் வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்,” என்று வேன்காரர் கத்தினார்.

“வரோம், கொஞ்ச நேரம் தண்ணியில இருக்கட்டும்,” என்றாள் உப்புத்தாள்.

வாளியில் தலையணையின் ஒரு மூலை மட்டும் எரியாமல் இருந்தது. நீலத் துணியில் மஞ்சள் நூலால் பின்னிய இலைகள்.

“அந்த உறைய ஒரு வாரமாத் தெச்சேன்,” என்றாள் சின்னவள். “கொட்டகையில உங்க முக்காலிக்கு. நாள் பூரா வெறும் கட்டையில உக்காந்து இடுப்பப் புடிச்சுக்கிட்டு எழுந்திருக்கீங்க. சொல்லாமக் கொண்டு வந்து வெக்கலாம்னு நெனச்சேன். பாப்பா பாத்துட்டா.”

உப்புத்தாளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

“அண்ணி, அந்தத் துணி ஏன்...” என்று ஆரம்பித்த சின்னவள் தானாகவே நிறுத்திக்கொண்டாள். இந்த இடத்தில் எப்போதும் வெட்டு விழும் என்று பழகிப்போனவள். தலையைக் குனிந்து, வெட்டு விழட்டும் என்று காத்திருந்தாள்.

குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உப்புத்தாள் வாயைத் திறக்கவில்லை. சின்னவள் நிமிர்ந்து பார்க்கும் வரை திறக்கவில்லை.

“முழுசாக் கேளுடி,” என்றாள் பிறகு. “கேட்டு முடி. சொல்றேன்.”