மேற்கூரையில் ஒட்டிக்கொண்ட பவானி

செங்கல்பட்டு ஏரிக்கரைப் பக்கம் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், 1994 முதல், மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் பயந்த பிள்ளைகள் மேசையை விட்டு மேலே எழும்பினார்கள். கொஞ்சம் பயந்தால் ஒரு சாண், நிறையப் பயந்தால் ஒரு முழம். அணுபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன மயக்க டாக்டர் ரோகிணி அந்த அளவை நாடித்துடிப்புக்குப் பக்கத்திலேயே குறித்துவைப்பார். மூக்கில் வைக்கும் முகமூடியைப் பிள்ளை கையில் கொடுத்து, இது நாறும், அப்புறம் தூக்கம் வரும் என்று உள்ளதைச் சொல்வார். பிள்ளை இறங்கிவிடும். ஏழு வருஷம் இதில் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை.

2001 ஆடியில் திருவிடந்தைக் குப்பத்துச் சிங்காரத்தின் மகள் பவானி, ஏழு வயது, குடல்வால் வீங்கி வந்து சேர்ந்தாள். ஒரு மணி நேரத்தில் எடுக்காவிட்டால் உள்ளேயே உடைந்துவிடும் என்றார்கள். அவர்கள் குப்பத்தில் கடலுக்குக் கிளம்புகிறவனிடம் கெட்டதைப் பேச மாட்டார்கள்; எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். அந்த வழக்கப்படி அவள் அம்மா சம்பூர்ணம் ஆபரேஷன் என்ற சொல்லையே வாயில் எடுக்காமல், முட்டுக்காட்டில் போட்டில் போகலாம் வா என்று கூட்டி வந்திருந்தாள். நல்ல போட்டுதான் போங்கள். பச்சைத் துணி கட்டியவர்களைக் கண்டதும் பவானி விறுவிறுவென்று எழும்பி, மேற்கூரையில் முதுகு ஒட்டி நின்றுவிட்டாள். மயக்கக் குழாய் அங்கே எட்டவில்லை. ஸ்டூலில் ஏறிக் காலைப் பிடித்து இழுத்தால் வயிறு வலித்து அலறினாள். ரோகிணி உள்ளதைச் சொல்லிப் பார்த்தார். "நீயும் பொய்தான் சொல்ற" என்றாள் பவானி. இருபது நிமிடம் போயிற்று.

சம்பூர்ணத்துக்கு அங்கி மாட்டி உள்ளே விட்டார்கள்.

"நீங்களே உண்மையைச் சொல்லிடுங்கம்மா. வேற வழி இல்ல" என்றார் ரோகிணி.

கிளம்புகிற பிள்ளையிடம் அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

"போட்டு கீட்டுலாம் இல்லடி. வயித்தக் கிழிச்சி தைப்பாங்க."

பவானி இரண்டு சாண் இறங்கினாள்.

"முழிச்சப்புறம் வலிக்கும்."

இன்னும் இரண்டு சாண் இறங்கி, கைக்கு எட்டாத உயரத்தில் நின்று கேட்டாள்: "நா செத்துப் பூடுவேனாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் பெற்றவளுக்கு வாய் வரும். சம்பூர்ணம் உள்ளதையே சொன்னாள்: "தெர்லடி கண்ணு. எனுக்கும் பயமாத்தான் கீது. வெளியில குந்திகினு இருப்பேன். எங்கியும் போவ மாட்டேன்."

பவானி மேசையில் வந்து படுத்து, முகமூடியைத் தானே பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

அதன் பிறகு இரண்டு மணி நேரம் வராந்தாவில் சம்பூர்ணத்திடம் யாரும் உள்ளதைச் சொல்லவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒன்றும் ஆகாதும்மா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவள் பெஞ்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனாள். சிங்காரம் அவள் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் ரோகிணி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"உள்ள உடைஞ்சிருந்தது. கழுவிச் சுத்தம் பண்ணிட்டோம். மூணு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

சம்பூர்ணம் இறங்கி உட்கார்ந்து, அப்போதுதான் அழுதாள்.

ஒன்பது நாள் கழித்துப் பவானி நடந்தே போய் பஸ் ஏறினாள். அடுத்த வருஷம் நிர்வாகம் வராந்தா விசிறிகளுக்கெல்லாம் கம்பிவலை போட்டது, காத்திருக்கும் பெற்றோருக்கு அடிபடக் கூடாது என்று.