கழுதைப்புலியின் தொண்டையில் நபீலா

கழுதைப்புலி நபீலாவின் குரலைத் தின்ற வருஷம் ஹராரில் வெண்ணெய் விலை ஏறியிருந்தது. விலைமேல் பழி போட்டுப் பயனில்லை. அவளுடைய வாப்பா ரம்ஸிக்கு வாங்க வசதி இருந்தது, மனசுதான் வரவில்லை. ஆஷூரா நாளில் மலைமேல் அவுலியா அடங்கியிருக்கும் தர்காவில் கஞ்சி காய்ச்சி, வெண்ணெயை உருக்கி ஊற்றி, கழுதைப்புலிகளுக்கு வைப்போம். மனம் குளிர்ந்து தின்றால், ஊருக்குள் வரும் ஜின்களை அவை வருஷம் முழுக்கப் பிடித்து விழுங்கும். அவை வந்துபோகவே கோட்டைச்சுவரில் ஓட்டைகள் விட்டிருக்கிறோம். அந்த வருஷம் எங்கள் தெருவுக்காகக் கஞ்சி காய்ச்சும் முறை ரம்ஸியுடையது. அவர் டப்பா எண்ணெயை ஊற்றினார்.

"வேணாங்க, அவுலியா பேரால வைக்கிறது," என்றாள் மனைவி மஃப்தூஹா.

"கழுதைக்கே கற்பூர வாசனை தெரியாதுடி. கழுதைப்புலிக்கா வெண்ணெய் வாசனை தெரியப்போவுது?"

தெரிந்தது. கூட்டத்துக்குத் தலைவியான கிழட்டுக் கழுதைப்புலி கஞ்சியை முகர்ந்தது, ரம்ஸியை ஏற இறங்கப் பார்த்தது, போய்விட்டது. பிறகு எங்கள் தெருப்பக்கம் எதுவும் எட்டிப்பார்க்கவில்லை. ஜின்கள் வந்தன. ஒன்று நபீலாவின் தொண்டையில் குடியேறி, கிழட்டுக் குரலில் கடைத்தெருவையே வாய்க்கு வந்தபடி திட்டியது. கல்யாண வீடுகளில் முதல் பாட்டு அவளுடையதாகத்தான் இருக்கும், அப்படிப்பட்ட பெண். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாளுக்கு நாள் துரும்பாக இளைத்தாள்.

ரம்ஸி நல்ல வெண்ணெயோடு மலையேறி, அந்தக் கழுதைப்புலியின் முன் உட்கார்ந்து அழுதார். "எம்மேல உள்ள கோவத்த எம்புள்ளமேல காட்டாத தாயி. அது என்ன செஞ்சுது?"

மறுநாள் அந்தியில் அது வீடு தேடி வந்தது. நபீலாவின் கழுத்தில் மூக்கை வைத்து ஒரே இழுப்பில் ஜின்னை விழுங்கியது. பாவி ஜின், போகும்போது அவள் குரலை இறுகப் பிடித்துக்கொண்டே போனது.

நபீலா பிழைத்தாள். கல்யாணமாகி அதே தெருவில் குடியிருந்து, பிள்ளைகளைக் கைதட்டிக் கூப்பிட்டே வளர்த்தாள். வாப்பாவை அவள் ஒருநாளும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

இப்போதும் அந்தி சாய்ந்தால் அந்தக் கழுதைப்புலி கல்யாணப் பாட்டுப் பாடியபடி தெருவுக்கு வருகிறது. வாசலில் உட்கார்ந்து நபீலா தாளம் போடுகிறாள். ரம்ஸி வெண்ணெயை உருக்கி வைத்துக் காத்திருப்பார். சுவர் ஓட்டைக்கு அருகே பாட்டு நிற்கும்.

"வாப்பா!"

"இந்தா, வந்துட்டேன் புள்ள," என்று கிழவர் கிண்ணத்தோடு எழுந்து போவார். சூடு ஆறிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார்.