ஆர்டிஸ் டாலஃப்சனுக்கு ஒரு நகல்

செத்து ஓராண்டுக்கு மேலான பிறகு, ஓர் ஏப்ரல் மாலையில், ஆர்டிஸ் டாலஃப்சன் அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்தாள். அப்போதுதான் அவள் கணவர் வெர்னர் வரிப் படிவத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து, வருடா வருடம் செய்கிற வேலையைச் செய்து முடித்திருந்தார். கம்ப்யூட்டரில் இருந்த வீட்டுக் கணக்கிலிருந்து முடிந்துபோன வருடத்தை மட்டும் கழற்றி ஒரு பிளாப்பி டிஸ்கில் ஏற்றிவைப்பது அவர் வழக்கம். ஆஸ்பத்திரிச் செலவு, சவப்பெட்டி, பாதிரியாருக்குக் கொடுத்தது, அடக்கம் முடிந்து சர்ச்சில் பரிமாறிய ஹாம் சாண்ட்விச், எல்லாம் அந்த வருடத்தோடு போய்விட்டன. கணக்கில் சாவு இல்லை, ஆகவே வீட்டிலும் இல்லை.

மின்னசோட்டாவில் எங்கள் லேக் நோரா ஊர்க்காரர்கள் எதற்கும் வாய் பிளக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு ஜாய்ஸ் வந்து பார்த்து, இது கொஞ்சம் வேறு மாதிரிதான் என்றாள். இங்கே அதற்கு மேல் யாரும் சொல்வதில்லை. சர்ச் பெண்கள் காபி போடும் முறைப் பட்டியலில் ஆர்டிஸின் பெயரை மறுபடி சேர்த்தார்கள். மினியாபொலிஸிலிருந்து மகள் வந்து கட்டிக்கொண்டு அழுதாள், அம்மா கையால் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

வெர்னர் ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு போடுகிற மனிதர். வீடு பற்றி எரிந்தாலும் கணக்கு பிழைக்க வேண்டும் என்று பிளாப்பிக்கு நகல்கள் எடுத்து, ஒன்றை மேஜை இழுப்பறையிலும், ஒன்றை வங்கி லாக்கரிலும், ஒன்றை ஃபார்கோவில் தம்பி ஆரினின் வீட்டு பிஸ்கட் டப்பாவிலும் வைத்திருந்தார். அந்தத் தைரியத்தில் காகித ரசீதுகளைக் கொளுத்தியும் விட்டார். மறு வருடம், இலை உதிரும் காலத்தில், அந்த ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆதாரம் கேட்டு வரி அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. வெர்னர் பிளாப்பியைச் செருகினார். இயந்திரம் முனகத் தொடங்கியதும், சமையலறையில் ஆர்டிஸின் விரல்களை ஊடுருவிக்கொண்டு கோப்பை கீழே விழுந்து உடைந்தது. அவள் ஸ்வெட்டர் வழியாகப் பின்னால் இருந்த அடுப்பு அப்படியே தெரிந்தது. வெர்னர் பிளாப்பியைப் பிடுங்கினார். கைப்பிடி ஈரமாயிருந்திருக்கும்போல என்று சொல்லிக்கொண்டு அவள் துடைப்பத்தை எடுத்தாள். வாதாடாமல் அபராதம் கட்டிவிட்டார் வெர்னர்.

அலுமினியத் தாளைக்கூடக் கழுவிக் காயவைத்து மறுபடி பயன்படுத்துகிற ஆர்டிஸுக்கு அது தெரியவந்தபோது பற்றிக்கொண்டு வந்தது. பணம் போனது போகட்டும், திருடினோம் என்று ஒத்துக்கொண்டதுபோல ஆகிவிட்டதே, இனி எந்த முகத்தோடு சர்ச்சுக்குப் போவது என்று கேட்டாள். வெர்னர் மேஜையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் காபியை ஆறவிட்டாள்.

"வெர்னர், என் சாவுக்கு மூணு நகல் எடுத்து பத்திரமா வெச்சிருக்க. உசிரோட இருக்கிற எனக்கு எத்தனை வெச்சிருக்க?"

வெர்னருக்கு முகம் வெளுத்தது. ஒன்றுகூட இல்லை. அவள் திரும்பி வந்த நாளிலிருந்து, எதையாவது தொட்டால் எதுவாவது கலைந்துவிடுமோ என்ற பயத்தில், கணக்கை மூடும்போதெல்லாம் நகல் எடுக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு வேண்டாம் என்றே சொல்லிவந்தார். ஓர் இடி விழுந்து கம்ப்யூட்டர் கருகியிருந்தால் போதும், மனைவி இரண்டாம் முறையும் போயிருப்பாள், இந்த முறை அடக்கம் செய்யவும் ஒன்றும் இருந்திருக்காது. எழுபது வயது மனிதர் கைக்குட்டையைத் தேடினார்.

ஆர்டிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"புதுசா ஒண்ணு போடு. மேல என் பேரை எழுது, தேடறவங்களுக்குத் தெரியணுமில்ல. பழசைத் தூக்கிப் போடாத, அதுவும் நடந்ததுதானே."

நகல் எடுத்து முடிகிறவரை அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலித்ததா என்று கேட்டார். முடி வெட்டிக்கொள்வதுபோலத்தான் இருந்தது என்றாள். அன்றிலிருந்து மாதம் தவறாமல் எடுக்கிறார்கள். லாக்கருக்கு அவளேதான் கொண்டுபோய் வைக்கிறாள்.

குளிர்காலம் வந்ததும், டாலஃப்சன்களின் லாக்கர் மட்டும் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பதை வங்கியில் வேலைபார்க்கும் மார்லிஸ் கவனித்தாள். மேனேஜரை அழைத்துக் காட்டினாள். அவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், வாடகை பாக்கியில்லையே என்று கேட்டார், பிறகு பனியில் நனைந்த தன் கையுறைகளை அதன் கைப்பிடியில் காயப்போட்டுவிட்டுப் போனார்.