கரண்ட் அக்காவின் வலது கை

அந்த அறைக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "வலிக்குமா?"

"சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான்" என்பாள் அவள். பதினாலு வருஷமாக இதையேதான் சொல்கிறாள். பாதி பொய். ஆனால் முழு உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிவிடுவார்கள்.

நரம்பிலும் தசையிலும் என்ன கோளாறு என்று பார்க்கும் பரிசோதனை அறை அது. கையிலோ காலிலோ வயர் வைத்த ஸ்டிக்கர்களை ஒட்டி, நரம்பு ஓடும் இடத்தில் துளி மின்சாரம் கொடுத்தால், அது தசைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று மெஷின் சொல்லும். நரம்பு நன்றாக இருந்தால் சட்டென்று போய்விடும். எங்காவது நசுங்கியிருந்தால் தாமதமாகும். தாமதம் என்றால் விநாடியை ஆயிரமாகப் பிரித்த கணக்கில். அந்த எண்களை எடுத்து டாக்டரிடம் கொடுப்பது அவள் வேலை. ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குக் கரண்ட் அக்கா என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவளுக்கு ஒரு பழக்கம். காலையில் மெஷினைப் போட்டதும் முதல் ஷாக்கைத் தன் வலது மணிக்கட்டில் தானே கொடுத்துக்கொள்வாள். மூன்று புள்ளி இரண்டு என்று வரும். நாலு புள்ளி இரண்டைத் தாண்டினால்தான் கோளாறு. மூன்று புள்ளி இரண்டு வந்துவிட்டால் மெஷின் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மெஷினின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருந்தாள். ஒரே ஆளின் கையை வைத்து மட்டும் முடிவு செய்யாதே என்றுதான் படிக்கும்போது சொல்லிக்கொடுத்தார்கள். அதெல்லாம் யார் கேட்கிறார்கள்? கடைத் தராசுக்கு எடைக்கல் மாதிரி தன் மெஷினுக்குத் தன் கை என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

சில நாள் மூன்று புள்ளி ஆறு, மூன்று புள்ளி எட்டு என்று வந்ததும் உண்டு. "கை சில்லுனு இருக்கு" என்று தேய்த்துக்கொண்டு விட்டுவிட்டாள். கை குளிர்ந்தால் நரம்பு மந்தமாகும் என்பது நிஜம்தான். அந்த நிஜத்தைச் சாக்காக வைத்துக்கொள்வதும் எவ்வளவு சுலபம் பாருங்கள்.

நடுவில் மெஷின் படுத்துவிட்டது. கம்பெனிக்குப் போய்த் திரும்ப மூன்று மாதம் ஆனது. அதுவரை அவளைச் சும்மா உட்கார வைப்பார்களா? பழைய கேஸ் கட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பினார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை டைப் அடித்தாள். அந்த நாட்களில் கை மரத்துப்போகும். உதறிக்கொள்வாள். வீட்டில் இரண்டு கண்ணாடி டம்ளர் உடைந்தது. சோப்பு வழுக்கிவிட்டது என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை மெஷின் திரும்பி வந்தது. ஆசையாகத் துடைத்து, பிளக்கைச் செருகி, வழக்கம்போல முதல் ஷாக்கைக் கொடுத்துக்கொண்டாள். ஐந்து என்று காட்டியது. கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி கொடுத்தாள். அப்போதும் ஐந்து.

"ரிப்பேர் பண்ணச் சொன்னா நல்லா இருந்ததையும் கெடுத்து அனுப்பியிருக்கானுங்க" என்று கம்பெனிக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தாள். இன்ஜினியர் புதன்கிழமை வருவதாகச் சொன்னார்கள். அதுவரை இருந்த நோயாளிகளை எல்லாம் வேறு நாளைக்கு மாற்றினாள். ஒரே ஒரு ஜோடி மட்டும் போக மாட்டேன் என்று வாசலிலேயே நின்றது.

சலவைக் கடைக்காரரும் அவர் மனைவியும். கடையில் துணிக்கு இஸ்திரி போடுவது அந்த மனைவிதான். ஆறு மாதமாக வலது கை மரத்துப்போகிறதாம், விரல் வலுவிழந்துபோகிறதாம், பிடித்தது நழுவுகிறதாம். போன மாதம் இஸ்திரிப் பெட்டியே நழுவி, பாதத்தில் ஒரு சுட்ட தழும்பு.

"கடையை மூடிட்டு வந்திருக்கேன். இன்னொரு நாள் எல்லாம் முடியாதும்மா" என்றார் கடைக்காரர். "உண்மையிலேயே ஏதாவது இருக்கா, இல்ல இவ வேலைக்கள்ளியா, அது தெரிஞ்சா போதும் எனக்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மனைவி சிரிக்கவில்லை.

பாவமாக இருந்தது. கரண்ட் அக்கா அந்தப் பெண்ணைப் படுக்க வைத்துப் பார்த்தாள். ஐந்து புள்ளி ஒன்பது வந்தது. மெஷின்தான் கெட்டிருக்கிறதே! தன் கைக்கு ஒன்று புள்ளி எட்டு கூடுதலாகக் காட்டுகிறது என்றால் இவள் கைக்கும் அவ்வளவு கூடுதலாகத்தானே காட்டும்? மனக்கணக்காகக் கழித்தாள். நாலு புள்ளி ஒன்று. நூலிழையில் நார்மல். கழித்த கணக்கை மட்டும் டாக்டருக்கு அனுப்பினாள். அவர் அவளை நம்புகிறவர், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"ஒண்ணுமில்லை, நார்மல்" என்று அவள் சொன்னதும் கடைக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னேன்ல?"

அந்தப் பெண் எழுந்து மெதுவாகச் செருப்பை மாட்டினாள். கதவுவரை போய்த் திரும்பினாள். "அப்ப நான் பொய் சொல்றேனா அக்கா?"

பதில் சொல்வதற்குள் கணவர் கூப்பிட்டுவிட்டார். அந்தக் கேள்வி மட்டும் அறையிலேயே தங்கிவிட்டது.

புதன்கிழமை இன்ஜினியர் வந்தார். பொறுமைசாலி. அவள் திட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டே ஸ்டிக்கரை எடுத்துத் தன் கையில் ஒட்டினார். மூன்று புள்ளி ஒன்று. வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பார்த்தார். மூன்று புள்ளி நாலு.

"மெஷின் பர்ஃபெக்டா இருக்கு மேடம். உங்க இடது கையைக் குடுங்க."

இடது கை மூன்று புள்ளி மூன்று.

"இப்ப வலது கை."

ஐந்து. இன்ஜினியர் வயரைச் சுருட்டி வைத்தார். போகும்போது, "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்தாள். கட்டைவிரலின் அடியில் சதை லேசாக வற்றியிருந்தது. ஊரார் கையில் அதை ஆயிரம் தடவை கண்டுபிடித்தவள். தினமும் சோறு பிசைகிற தன் கையில் கண்ணில் படவில்லை. உடைந்த டம்ளர்கள் நினைவுக்கு வந்தன. கூடவே, கதவருகே நின்று திரும்பிய அந்த முகம். தன்னைப் பற்றி மெஷின் சொன்னதையும் நம்பவில்லை, அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னதையும் நம்பவில்லை. இரண்டு தடவையும் மெஷின் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

ஐந்து புள்ளி ஒன்பது என்று அச்சாகி வந்த தாள் அவள் மேஜை டிராயரில்தான் இருந்தது. அதைக் கிழித்துப் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பதினாலு வருஷப் பேர் பிழைத்துக்கொள்ளும். அங்கே அந்தக் கை மட்டும் இஸ்திரி போட்டுப் போட்டு ஒரு நாள் மொத்தமாகச் செயலிழந்துபோகும். போகிறவரைக்கும் வேலைக்கள்ளி என்ற பேரும் இருக்கும். கிழிக்கலாமா என்று அவள் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரு டீ ஆறுகிற நேரம் யோசித்தாள். பிறகு தாளை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள்.

டாக்டர் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "கழிச்சு எழுதினீங்களா?"

"ஆமா சார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." அவர் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "மேலிடத்துக்கு நான் எழுதித்தான் ஆகணும். முதல்ல அந்தம்மாவை வரச் சொல்லுங்க. நானே சொல்லிக்கறேன்."

"வேண்டாம் சார். நான்தான் சொல்லணும்."

போனை எடுத்தது கடைக்காரர். "அதான் நார்மல்னு சொல்லிட்டீங்களே, திரும்ப எதுக்கு?"

"தப்பு நடந்துபோச்சுங்க. என்னோட தப்பு. ஒரு மணி நேரம் போதும். அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் வந்தார்கள். கடைக்காரர் முகம் கடுகடுவென்றிருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் அவள் சொன்னாள், மழுப்பாமல். அவர் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு மெஷின் கெட்டுப்போச்சுன்னீங்க. இன்னைக்கு நல்லா இருக்குங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க? எதை நம்புறது?"

நியாயமான கேள்விதான். கரண்ட் அக்கா படுக்கையைத் தட்டிக் காட்டினாள். "உங்க கையை நம்புவீங்களா?"

அவரைப் படுக்க வைத்தாள். ஸ்டிக்கரை ஒட்டும்வரை வீரமாக இருந்த மனுஷன் முதல் ஷாக்கில் "ஐயோ!" என்று அரை அடி எழும்பினார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள், தோள் குலுங்கியது. மூன்று புள்ளி மூன்று.

"இது நல்ல கை. இந்தக் கோடு எழும்புற இடத்தைப் பாத்துக்குங்க."

அடுத்து மனைவி. அவள் முகம் சுளிக்கக்கூட இல்லை. ஐந்து புள்ளி ஒன்பது. திரையில் அந்தக் கோடு எழும்புவதற்குத் தாமதித்ததை, படிக்காதவர்கூடப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும்.

"இப்ப என்னோடது" என்று தன் மணிக்கட்டில் ஷாக்கை வைத்துக்கொண்டாள். ஐந்து. அச்சாகி வந்த மூன்று தாள்களையும் மெஷினிலிருந்து கிழித்தெடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

"மணிக்கட்டுல நரம்பு நசுங்குது. எனக்கும்தான், அவங்களுக்கும்தான். அவங்களுக்கு அதிகம். கைக்கு ஓய்வு வேணும், பட்டை கட்டணும், ஆபரேஷன் வேணுமான்னு டாக்டர் சொல்வார். ஆனா ஒண்ணு. இவங்க வேணும்னு எதையும் கீழ போடலை."

கடைக்காரர் மூன்று தாள்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் பார்வை மனைவியின் பாதத்துக்குப் போனது, அந்தத் தழும்புக்கு. அங்கேயே நின்றது.

மனைவி அழுதுகொண்டிருந்தாள். வியாதி இருக்கிறது என்று கேட்டு இப்படி நிம்மதியாக அழுத ஒருத்தரைக் கரண்ட் அக்கா இதுவரை பார்த்ததில்லை.

"நார்மல் இல்லைன்னு எழுதிட்டீங்களா அக்கா?"

"இதோ, எழுதிட்டே இருக்கேன்."

"கொஞ்சம் பெருசா எழுதுங்க" என்றாள் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மாமியாருக்குக் கண் சரியாத் தெரியாது."

கரண்ட் அக்கா சிரித்துவிட்டாள். சிரித்ததில் பிடி தளர்ந்ததோ, விரல்தான் ஏமாற்றியதோ, பேனா நழுவி, தரையில் உருண்டு, கடைக்காரரின் செருப்பில் முட்டி நின்றது.

ஆறு மாதப் பழக்கம் இருக்கிறதே. அவர் வாய் தானாகத் திறந்தது. "ஒழுங்காப் பிடி..." என்று வந்தது, பாதியில் நின்றது. யாரும் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு பெண்களும் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் குனிந்து அதை எடுத்தார். மேஜையில் வைக்கப் போனவர், நிறுத்தி, தாளைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார். "நான் எழுதறேன். பெருசாவே எழுதறேன்."