வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் பிறகு

1

இந்தக் கதையை நான் ரயிலில் திருடினேன். காட்பாடியில் ஏறி எதிரே உட்கார்ந்த பெண்ணின் மடியில் தோல் உறை போட்ட தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. உறையின் ஜிப்பைத் திறப்பாள், நாலு வரி படிப்பாள், யாராவது திரும்பினால் மூடிவிடுவாள். பார்த்தால் பைபிள். எங்கள் வேலூர்ப் பக்கம் ரயிலில் பைபிள் படிப்பது வேர்க்கடலை தின்பது மாதிரி. அதை எதற்கு ஒளிக்க வேண்டும்? மேல்பட்டி வரை பொறுத்திருந்தேன். அப்புறம் வெட்கத்தை விட்டு எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் தலையில் இருந்த பெயர் பைபிளில் எங்கும் இல்லாத பெயர். கேட்க வாயெடுப்பதற்குள் ஆம்பூர் வந்து அவள் இறங்கிப் போய்விட்டாள்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், மீதியெல்லாம் கப்சா. அவளுக்குக் கெசியா என்று பெயர் வைத்தேன், வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையும் வாங்கிக் கொடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘புத்தகத்தைத் திறந்த கெசியா அதிர்ந்துபோனாள். அவள் கைகள் நடுங்—’

(வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். அவள் கை நடுங்காது.)

இரண்டாவது: ‘1830ஆம் ஆண்டு, அமெரிக்காவில்—’

(அங்கே போனால் கதை ஆம்பூர் திரும்ப விசா கிடைக்காது.)

சரி, நிச்சயதார்த்தத்திலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஆயர் ஜெபித்து முடித்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் வேதாகமத்தை மாற்றிக்கொள்வார்கள். இரண்டும் கடையில் வாங்கிய புதுசு. பக்கங்களின் தங்க ஓரம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கல்யாணம் முடிந்ததும் ஷோகேஸில் ஏறி உட்கார்ந்துவிடும்.

கெசியாவும் புதுசைத்தான் கொடுத்தாள். மாப்பிள்ளை ஜெஸ்டன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவன். அவன் கொடுத்தது தோல் உறைக்குள் இருந்தது. கெசியாவின் அம்மா கிரேஸி அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

“இங்கிலீஷ் பைபிளுடி. இன்னா கனம் பாரு! டீ, காபி ஒண்ணும் தொடமாட்டாராம். தங்கமான புள்ள.”

டூட்டியில் டீ இல்லாமல் ஓடாத கெசியா, இதில் தங்கம் எங்கே வந்தது என்று யோசித்தாள்.

3

வெளிப்படுத்தின விசேஷம் முடிந்தால் பைபிள் முடிந்தது, பின்னட்டை வரவேண்டும். இதில் அட்டை வரவில்லை. புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மீதி இருந்தது. மார்மன் புத்தகம். கோட்பாடும் உடன்படிக்கைகளும். விலையேறப்பெற்ற முத்து. ஒரே பைண்டிங்கில் பைபிளோடு இன்னும் மூன்று.*

(*1830இல் அமெரிக்காவில் தொடங்கிய மார்மன் சபையாருக்கு இந்த நான்கும் வேதம். மற்ற சபைகள் பைபிளைத் தவிர மீதியை ஏற்பதில்லை. ‘நம்ம தமிழ்லயும் நான்மறைன்னுதானே சொல்றோம்?’ என்றார் கதையின் இந்தப் பகுதியைக் கேட்ட என் நண்பர் கங்காதரன். கணக்கு இடிக்கவில்லை, ஆனால் கிரேஸியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.)

கெசியா முதலில் பயப்படத்தான் பார்த்தாள். ஆனால் ஆர்வம் முந்திக்கொண்டது. ஒரு கிளாஸ் டீயை வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தாள். எருசலேமிலிருந்து கிளம்பி, கப்பல் கட்டிக் கடல் தாண்டும் ஒரு குடும்பம். அவர்கள் வம்சத்தின் கதையைத் தகட்டில் பொறித்துக்கொண்டே போகிறார்கள். கடைசியில் ஒருவன் தகடுகளை மண்ணில் புதைக்கிறான். ‘நம்மூர்ல செப்பேடு கெடைக்கிற மாதிரி’ என்று நினைத்துக்கொண்டாள். (எனக்கு இதில் பிடித்த ஆள் மார்மன். முன்னோர்கள் எழுதியதையெல்லாம் சுருக்கி எழுதும் அவன், எல்லாவற்றையும் எழுத இடமில்லை என்று நடுநடுவே வந்து சொல்லிவிட்டுப் போகிறான். நம்ம ஜாதி.)

அடுத்த புத்தகத்தில், சூடான பானங்கள் (டீயும் காபியும் என்று சபையார் பொருள் கொள்வார்கள்) ஆகாது என்று ஓரிடம் வந்தது. கெசியா கையிலிருந்த கிளாஸைப் பார்த்தாள்.

“அடப்பாவி!”

அந்த வரிக்கடியில் பென்சில் கோடு இருந்தது. பின்னால் புரட்டினாள், முன்னால் புரட்டினாள். சங்கீதத்திலும் கோடு, முத்திலும் கோடு. இது கடையில் வாங்கிய புதுசு இல்லை, அவன் தினமும் படிக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்பது அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. நிற்கக்கூடாது என்று தான் ஆசைப்படுவதும் தெரிந்தது. இரண்டாவதுதான் அவளைக் கலவரப்படுத்தியது.

4

இந்த ஜெஸ்டன் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு வரைவில் அவனைக் கள்ளனாக்கினேன்: புத்தகத்தின் பெயர் வெளியே தெரியாமல் இருக்கத்தான் உறை போட்டான். ஆனால் கள்ளன் பென்சிலில் கோடு போட்டு வைப்பானா?

இன்னொரு வரைவில் பழியைத் தோல்மேல் போட்டேன். கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் கலீமுல்லா பாய் சொல்கிறார்: “தோஸ்த், நிச்சயதார்த்தத்துக்கு நான் இன்னா குடுக்கறது? உங்க வேதப்புஸ்தகத்தக் கொண்டா, நல்ல தோல்ல கவர் தெச்சுத் தர்றேன்.” வேதப்புஸ்தகம் என்றதும் ஜெஸ்டன் தன்னுடையதைக் கொண்டுபோகிறான். பாய் அதற்கு அளவெடுத்துத் தைத்துவிடுகிறார். அவன் அம்மா வாங்கி வைத்த புது பைபிள் அந்த உறைக்குள் தொளதொளவென்று ஆடுகிறது. ஆகவே…

‘ஆகவே’க்குப் பிறகு எனக்கு ஓடவில்லை. கெசியாவை ரயிலேற்றி ஆம்பூருக்கு அனுப்பினேன். அவளே கேட்டுக்கொள்ளட்டும்.

5

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடை. (ஆம்பூர் என்றதும் பிரியாணிக்குக் காத்திருந்தவர்கள் மன்னிக்கவும்.)

“அண்ணே, ஒரு டீ. இவருக்குப் பால்,” என்றாள் கெசியா.

ஜெஸ்டன் தலை நிமிர்ந்தான். “படிச்சிட்டியா?”

“டீ வரைக்கும் வந்திருக்கேன். ஏன் சொல்லல?”

“பெங்களூர்ல வேலை செஞ்சப்ப அந்தச் சபைல சேர்ந்தேன். வீட்ல யாருக்கும் தெரியாது. நிச்சயத்தன்னிக்கு அம்மா வாங்கின பைபிள் கவர்ல நிக்கல, ஜாஸ்தி லூஸு…”

“அதனால மாத்தி வெச்சீங்களா?”

“அப்டி சொல்லிக்கலாம்னு இருந்தேன்.” பாலை ஊதினான். “உண்மை அது இல்ல. எல்லாரும் யாரும் படிக்காத பைபிளத்தான் மாத்திக்கிறாங்க. நான் படிக்கிறதக் குடுக்கணும்னு தோணிச்சு. வாயால சொல்ல தெகிரியம் வரல.”

“எங்கம்மாவ ஏமாத்திட்டீங்க.”

“ஆமா.”

அவள் சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். டீ கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

“உன் பைபிள்ல பக்கமெல்லாம் ஒட்டிக்கினு இருக்கு கெசியா,” என்றான் மெதுவாக. “நீ படிக்கிறது எங்க?”

அது அவள் தலையணை ஓரத்தில் இருந்தது. அட்டை பிய்ந்த பழைய தமிழ் பைபிள். அப்பா இறந்த வாரம் அழுதுகொண்டே படித்த பக்கங்கள் அதில் இன்னும் அலையலையாக இருக்கின்றன. அதை எவனுக்கும் கொடுக்க அவளுக்கு மனம் வந்ததில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, கூடவே அவன்மேல் பிரியமும் வந்தது.

“நானும் மாறணுமா?”

“வேணாம். நீ டீ குடி.”

“தடை இருந்தா சொல்லுங்கன்னு சர்ச்ல ரெண்டு கல்யாண ஓலை வாசிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை மூணாவது.”

“நீ சொல்லுன்னா ஆயர் கிட்ட நானே போய்ச் சொல்றேன்.”

“நல்லாருக்கே! முடிச்சு நீங்க போட்டுட்டு அவுக்கறத என் தலைல கட்றீங்களா?” டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

6

முடிவு அ: ஞாயிறன்று கெசியா எழுந்து நின்று எல்லாவற்றையும்— (சினிமா.)

முடிவு ஆ: கிரேஸி அந்தப் புத்தகத்தைப் படித்து மனம் மாறி— (கிரேஸியை எனக்குத் தெரியும். நடக்காது.)

முடிவு இ: ஜெஸ்டன் ஆயரிடம் போய்த் தானே— (போகட்டும் என்று மூன்று நாள் காத்திருந்தேன். போகவில்லை.)

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. கெசியாவின் பையில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று அவனுடைய தடித்தது. இன்னொன்று அவளுடைய பிய்ந்தது. ஆராதனை முடிந்ததும் ஆம்பூர் போகப்போகிறாள். அவனுடையதைத் திருப்பிக் கொடுக்கவா, தன்னுடையதைக் கையில் கொடுக்கவா என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்தில் கிரேஸி புதுப்புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

ஆயர் மூன்றாம் ஓலையை வாசிக்கிறார். இதே நேரம் ஆம்பூர் ஆலயத்திலும் இதே ஓலை வாசிக்கப்படுகிறது. ஜெஸ்டன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பெயர்களையும் படித்துவிட்டு, இவர்கள் இணையத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம் என்கிறார் ஆயர். சபை வழக்கம்போல் அமைதியாக இருக்கிறது. இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்த கெசியா தலை குனிந்து, பையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். நான் எழுதுகிறவன், என் சாட்சி செல்லாது.

ஆனால் நீங்கள் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்கள் பக்கம்தான் பார்க்கிறார்.